முதலாம் வருட மாணவரின் எழுத்தைச் சிறு தொகுப்பாகக் கொண்டுவருவது எப்படி?

பேராதனைக்கோ, பதுளையிலுள்ள ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்துக்கோ புதிதாக வரும் மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் சிலரின் பையில், யாருக்கும் காட்டாத கவிதைக் கொப்பி ஒன்று கிடக்கும். அதை அச்சில் பார்க்க விரும்பும் சீனியர் மாணவர்களுக்கும் இளம் விரிவுரையாளர்களுக்கும் இந்த வழிமுறை. பெரிய பணம் வேண்டாம், பொறுமைதான் நிறைய வேண்டும்.

1. கேட்கும் விதம்

விடுதி அறைக்குப் போய் "எழுதித் தா" என்று நிற்காதீர்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையை (ராகிங்) குற்றமாக்கியிருந்தாலும், சீனியர் கேட்டால் மறுக்கப் பயப்படும் பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். "சரிங்க அண்ணா" என்று சொல்வது விருப்பத்தினாலா, பயத்தினாலா என்று உங்களுக்குத் தெரியாது. அறிவித்தல் பலகையில் போடுங்கள். புனைபெயரில் எழுதலாம், அச்சுக்குப் போகும் நாள்வரை எழுத்தைத் திருப்பி வாங்கலாம் என்ற இரண்டையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

2. பக்கத்தில் உட்கார்ந்து படிப்பது

முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. சிவப்புப் பேனையை மூடி வைத்துவிட்டு, எழுதியவரையே வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கேள்வி மட்டும் கேளுங்கள். ஒரு மாணவி இப்படி எழுதியிருக்கிறார் என்று வையுங்கள்:

"அதிகாலையில் என் தாய் பணிக்குச் சென்றார்."

பிழையில்லாத வசனம், ஆனால் அந்தத் தாய் கண்ணுக்குத் தெரியவில்லை. எத்தனை மணிக்கு எழுந்தார்? போகுமுன் என்ன செய்தார்? இடுப்பில் என்ன கட்டினார்? அந்த மாணவி வாயால் சொல்வதை அப்படியே எழுதச் சொல்லுங்கள்:

"நாலரைக்கே எந்திரிச்சி ரொட்டி தட்டி வச்சிட்டு, படங்கக் கட்டிக்கிட்டு அம்மா பெரட்டுக்குப் போகும்."

(படங்கு என்பது வேலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் தடித்த துணி. பெரட்டு என்பது காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடம்.) இதைப் பார்த்து "அம்மா போகும்" பிழை, "போவார்" என்று மாற்றத் துடிக்கும் கை உண்டு, குறிப்பாக வேறு மாவட்டத்திலிருந்து வந்த தொகுப்பாசிரியருக்கு. தயவுசெய்து மாற்ற வேண்டாம். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், பேசும் தமிழ் அது. ற, ர பிழையையும் ஒற்றுப் பிழையையும் திருத்துங்கள், பேச்சைத் திருத்தாதீர்கள். ஒரு பந்தியையே மாற்ற வேண்டுமென்றால் அதை எழுதியவரே மாற்றட்டும். நீங்கள் மாற்றி எழுதிக் கொடுத்தால் அடுத்த கதையையும் உங்களிடமே கேட்பார்.

குடும்பத்து விடயம், தோட்டத்தின் பெயர், துரையின் (தோட்ட அதிகாரியின்) பெயர் வந்தால் நிறுத்திப் பேசுங்கள். புத்தகம் அந்த லயத்துக்கும் போகும். வீட்டார் அங்கேதான் வாழ வேண்டும்.

3. எழுத்துரு

யூனிகோட்டில் தட்டச்சுச் செய்யுங்கள். அச்சகம் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் கேட்டால் மாற்றிக் கொடுக்கலாம், ஆனால் மாற்றியபின் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும். பாமினியில் காற்புள்ளி விசையில் 'இ' இருப்பதால் "கண்டி, மாத்தளை, பதுளை" என்பது "கண்டிஇ மாத்தளைஇ பதுளை" ஆகிவிடும். எழுதியவரிடமும் ஒரு படியைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. பக்கமும் அச்சும்

ஏ4 தாளை நடுவில் மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்தால் ஏ5 புத்தகம். ஒரு தாளில் 4 பக்கம் வருவதால் மொத்தப் பக்கம் நான்கின் பெருக்கமாக இருக்கட்டும்: 10 தாள், 40 பக்கம். முதலில் வெறுந்தாளை மடித்து இலக்கமிட்டுப் பாருங்கள். பக்கம் மாறுவது அப்போதே தெரியும். ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச இலக்கம்) வேண்டுமானால் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் விண்ணப்பிக்கலாம்.

5. கைக்குப் போய்ச் சேர்தல்

எழுதிய ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி, ஒன்று வீட்டுக்கு. அவர்கள் படித்த தோட்டப் பாடசாலைக்கும், உங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கும் ஒவ்வொன்று. எல்லோரும் சம்மதித்தால் மின்பிரதியை 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்துக்கு அனுப்புங்கள். ஒருவர் வேண்டாமென்றால் அனுப்ப வேண்டாம், அச்சுப் பிரதியே போதும்.