மின்சார கார் புக் செய்தாயிற்று: டெலிவரி வருவதற்குள் வீட்டில் சார்ஜிங் பாயிண்ட் போடுவது எப்படி?

கார் புக் செய்துவிட்டீர்கள். டெலிவரிக்கு இன்னும் சில வாரம் ஆகும் என்று ஷோரூமில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அந்த வாரங்களை ரிவியூ வீடியோ பார்ப்பதிலும் சீட் கவர் தேடுவதிலும் கழித்துவிடாமல், வீட்டு எர்த்துக்கும் ஒயருக்கும் கொடுங்கள். எந்த சார்ஜர் நல்லது, எத்தனை கிலோவாட் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் அது சரியில்லை என்றால் எவ்வளவு விலையுள்ள சார்ஜரும் சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.

தமிழ்நாட்டில் சொந்த வீடும் தனி மின் இணைப்பும் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு இடையில் ஒரு பத்தி உண்டு.

படி 1: உங்களுக்கு எவ்வளவு வேகம் தேவை?

முதலில் ஓட்டத்தைக் கணக்குப் போடுங்கள். நடுத்தர அளவு மின்சார கார் ஒரு யூனிட்டுக்கு (ஒரு கிலோவாட் ஹவர்) 6 முதல் 7 கிலோமீட்டர் ஓடும். தினம் 40 கிலோமீட்டர் என்றால் 6, 7 யூனிட் போதும். காரோடு வரும் 15 ஆம்ப் போர்ட்டபிள் சார்ஜரை 3.3 கிலோவாட் என்பார்கள். மணிக்கு ஏறக்குறைய 3 யூனிட் ஏறும். ஆக, இரவில் இரண்டரை மணி நேரம் செருகி வைத்தால் அன்றைய ஓட்டம் திரும்பக் கிடைத்துவிடும்.

சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் பெட்டி யாருக்குத் தேவை? தினம் 150 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டுபவர்கள், வீட்டில் இரண்டு மின்சார வண்டி வைத்திருப்பவர்கள், மஹிந்திரா பிஇ 6 போல 59 அல்லது 79 யூனிட் பேட்டரி உள்ள கார் எடுத்தவர்கள். 45 யூனிட் பேட்டரியைக் காலியிலிருந்து நிரப்ப 7.2இல் ஏழு மணி நேரம் போதும். 15 ஆம்பில் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். மற்ற பெரும்பாலான வீடுகளுக்கு 15 ஆம்ப் தாராளம் என்பது என் கருத்து. மிச்சமாகும் பணத்தை எர்த்தில் போடுங்கள்.

ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் நிறையக் குழப்பம் தீரும். சுவரில் மாட்டும் பெட்டி உண்மையில் சார்ஜர் கிடையாது. வீட்டுக்கு வரும் ஏசி மின்சாரத்தை பேட்டரிக்கு வேண்டிய டிசியாக மாற்றும் ஆன்போர்டு சார்ஜர் காருக்குள் இருக்கிறது. சுவர்ப் பெட்டி, எத்தனை ஆம்ப் வரை இழுக்கலாம் என்று காருக்குச் சொல்லி, பாதுகாப்பாக மின்சாரத்தைத் திறந்துவிடும்; அவ்வளவுதான். நீங்கள் எடுத்த வேரியன்ட்டில் ஆன்போர்டு சார்ஜர் 3.3 கிலோவாட் என்றால், சுவரில் 7.2 மாட்டினாலும் 3.3தான் ஏறும். புக்கிங் ரசீதில் உள்ள வேரியன்ட்டை வைத்து இதை இன்றே ஷோரூமில் கேட்டுவிடுங்கள்.

படி 2: ஈபி கார்டையும் லோடையும் பாருங்கள்

இருக்கிற வீட்டு இணைப்பிலேயே காரைச் சார்ஜ் செய்யலாம். மத்திய மின்துறை 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பார்க்க வேண்டியது, உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட லோடு எத்தனை கிலோவாட், சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா என்பதுதான்.

சிங்கிள் ஃபேஸ் வழக்கமாக 4 கிலோவாட் வரைக்கும்தான். 3.3 கிலோவாட் சார்ஜர் ஓடும்போதே ஒன்றரை டன் ஏசியும் கீஸரும் சேர்ந்தால் அளவு தாண்டிவிடும். எல்லோரும் தூங்கிய பிறகு ஓடுகிற மாதிரி காரில் டைமர் வைத்துச் சமாளிக்கலாம், அல்லது லோடை உயர்த்தலாம். 7.2 என்றால் த்ரீ ஃபேஸுக்கு மாறுவதைத் தவிர வேறு வழியில்லை. விண்ணப்பத்தை மின்வாரிய இணையதளத்திலேயே போடலாம். கூடுதல் லோடுக்கு வைப்புத்தொகையும் மற்ற கட்டணங்களும் வரும். இணைப்பு இன்னும் தாத்தா பெயரிலோ வீட்டை விற்றவர் பெயரிலோ இருந்தால் முதலில் பெயர் மாற்றம் செய்யுங்கள். இதற்கெல்லாம் நாளாகும் என்பதால்தான் கார் புக் செய்த வாரமே தொடங்கச் சொல்கிறேன்.

த்ரீ ஃபேஸ் வீட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 7.2 கிலோவாட் பெட்டி ஒரே ஃபேஸில் 32 ஆம்ப் இழுக்கும். ஏசி இருக்கும் ஃபேஸில் அதைக் கொடுக்காதீர்கள். நம் வீடுகளில் ஒரு ஃபேஸ் போனால் சேஞ்ச் ஓவர் சுவிட்சைத் திருப்பி வேறு ஃபேஸுக்கு மாற்றிவிடுகிறோம் இல்லையா? சார்ஜர் அந்தச் சுவிட்சுக்குப் பின்னால் இருந்தால், திருப்பிய நொடியில் மொத்த பாரமும் ஒரே ஃபேஸில் விழும். சார்ஜர் லைன் அந்தச் சுவிட்சைத் தொடாமல் தனியாகப் போகட்டும். இன்வெர்ட்டர் லைனிலும் கொடுக்கக் கூடாது.

படி 3: எர்த்

வீட்டில் மூன்று பின் சாக்கெட் இருந்தால் எர்த் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பழைய வீடுகளில் மேல் ஓட்டைக்கு ஒயரே வந்திருக்காது. வந்திருந்தாலும் அது போய்ச் சேரும் குழியில் குழாய் துருப்பிடித்து, உப்பு கரைந்து, வெறும் காய்ந்த மண்தான் மிஞ்சியிருக்கும்.

காருக்கென்று தனியாக ஒரு எர்த் பிட் போடுங்கள். குழாயோ செம்பு பூசிய ராடோ இரண்டரை மீட்டருக்குக் குறையாமல் மண்ணுக்குள் இறங்க வேண்டும். சுவர் அஸ்திவாரத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். உப்பும் கரியும் கொட்டும் பழைய முறை வேலை செய்யும்தான், ஆனால் உப்பு குழாயை அரிக்கும். கடலோர ஊர்களில் அரிப்பு இன்னும் வேகம். பென்டோனைட் களிமண் போன்ற கலவை போட்டு மூடுவது நீண்ட நாள் நிற்கும். மேலே மூடி போட்ட சிறு தொட்டி கட்டி, கோடையில் தண்ணீர் ஊற்ற வழி வையுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் மண் காயக் காய எர்த் பலவீனமாகும். மார்கழியில் ஒழுங்காக ஏறிய கார் மே மாதம் சார்ஜ் ஏற மறுத்தால் முதலில் அந்தக் குழியைத்தான் பார்க்க வேண்டும்.

வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டர் கருவி வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். 5 ஓமுக்குக் கீழே வரட்டும். சில எலக்ட்ரீஷியன்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட் பல்பை எரியவைத்து "பாருங்க சார், எர்த் சூப்பர்" என்பார்கள். அந்த பல்பு இழுப்பது அரை ஆம்புக்கும் குறைவு. அதை வைத்து எர்த்தின் பலத்தை முடிவு செய்ய முடியாது.

பாயிண்ட் போட்ட பிறகு மல்டிமீட்டரில் மூன்று அளவை அவரை எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே எர்த், வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் பக்கம் வரும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இரண்டு, மூன்று வோல்ட் இருக்கலாம். இப்போது கீஸர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மூன்றாவதை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அது பத்து, பதினைந்து என்று ஏறினால் எர்த்தோ நியூட்ரலோ பலவீனம். கார் வந்த பிறகு "எர்த் ஃபால்ட்" என்று வரப்போவதை இப்போதே பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஃபால்ட்டைப் போக்க ஒரு குறுக்கு வழி புழக்கத்தில் இருக்கிறது. சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் லூப் அடித்துவிடுவார்கள். சார்ஜர் உடனே பச்சை காட்டும். தயவுசெய்து இதற்குச் சம்மதிக்காதீர்கள். எங்காவது நியூட்ரல் கழன்றால் அந்த எர்த் வழியாக காரின் உடம்பு முழுவதும் மின்சாரம் வந்து நிற்கும். மழையில் வெறுங்காலோடு கதவைத் திறக்கும் குழந்தையை நினைத்துப் பாருங்கள். அப்படி லூப் அடிக்கிறேன் என்பவரை அன்றோடு அனுப்பிவிடுங்கள்.

படி 4: ஒயர், எம்சிபி, ஆர்சிசிபி

கீஸர் ஓடுவது கால் மணி நேரம். கார் சார்ஜிங் ஆறு, எட்டு மணி நேரம் இடைவிடாமல் முழு ஆம்பில் ஓடும். அதனால் இருக்கிற ஏசி பாயிண்டிலிருந்து இழுக்காமல், மெயின் போர்டிலிருந்து தனி லைன் போடுங்கள்.

15 ஆம்ப் பாயிண்டுக்கு 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயரும் 20 ஆம்ப் எம்சிபியும் (அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் தானாக அணையும் சுவிட்ச்). 7.2 கிலோவாட்டுக்கு 6 ஸ்கொயர் எம்எம்மும் 40 ஆம்ப் எம்சிபியும். தூரம் அதிகமானால் ஒயரும் தடிக்க வேண்டும்: 40 மீட்டர் தூரத்தில் 32 ஆம்ப் ஓடும்போது 6 ஸ்கொயரில் ஏறக்குறைய 8 வோல்ட் இழப்பாகும், 10 ஸ்கொயரில் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். எர்த் ஒயரும் ஃபேஸ் ஒயரின் அதே அளவில் வரட்டும். மீட்டரிலிருந்து மெயின் போர்டுக்கு வரும் பழைய கேபிள் இந்தப் பாரத்தைத் தாங்குமா என்பதையும் கேளுங்கள். புது லைன் போடும் அவசரத்தில் அது மறந்துபோகும்.

ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச், 30 மில்லி ஆம்பாக, காருக்கு மட்டும் தனியாக இருக்கட்டும். வீடு முழுவதற்கும் பொதுவான 100, 300 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி மனிதரைக் காப்பாற்றப் போதாது. மின்சார காரிலிருந்து டிசி கசிவும் வரலாம். ஏசி மின்சாரக் கசிவை மட்டும் கவனிக்கும் சாதாரண 'ஏசி வகை' ஆர்சிசிபி அதில் செயலிழந்து போகும். ஆகவே ஏ வகை வாங்குங்கள். சுவர்ப் பெட்டிக்குள் 6 மில்லி ஆம்ப் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பி வகை ஆர்சிசிபி தேவை, விலை கூடுதல். த்ரீ ஃபேஸில் நியூட்ரல் போய் வோல்டேஜ் எகிறினால் துண்டிக்கும் ஓவர் வோல்டேஜ் ரிலே ஒன்றும் சேர்த்துவிடுங்கள்.

15 ஆம்ப் வழிக்குப் போகிறவர்கள் சாக்கெட்டில் மிச்சம் பிடிக்க வேண்டாம். நல்ல பிராண்டின் கனமான 16 ஆம்ப் சாக்கெட் (பேச்சில் 15 ஆம்ப் என்பது இதைத்தான்) வாங்குங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், கன்வெர்ட்டர் பிளக் இரண்டும் அறவே கூடாது.

படி 5: எங்கே மாட்டுவது?

காரின் சார்ஜிங் மூடி எந்தப் பக்கம் என்று பார்த்து, கேபிள் இழுபடாமல் எட்டும் இடமாக வையுங்கள். அதைவிட முக்கியம் உயரம். சென்னை வேளச்சேரி, முடிச்சூர் பக்கத்தில் 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று அங்கே இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் தெருவில் தண்ணீர் நின்ற அடையாளத்துக்கு மேலேதான் சாக்கெட்டும் பெட்டியும் எம்சிபியும் வர வேண்டும். தண்ணீர் நிற்காத ஊர் என்றாலும் ஒன்றேகால் மீட்டர் உயரம் வசதி. சாரல் அடிக்காத கூரையும் மூடியுள்ள பாக்ஸும் வேண்டும்.

அடுக்ககம் என்றால் முதல் வேலை சங்கத்திடம் எழுத்தில் அனுமதி. மீட்டர் அறையில் உங்கள் மீட்டரிலிருந்தே லைன் எடுத்து, உலோகக் கவசம் உள்ள ஆர்மர்டு கேபிளில் பார்க்கிங் வரை கொண்டு வரலாம். பொது மின்சாரத்தில் கை வைக்காதவரை பெரும்பாலும் சண்டை வருவதில்லை. தூரத்தை அளந்து, மேலே சொன்ன வோல்ட் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

படி 6: பில் எவ்வளவு ஏறும்?

மாதம் 1000 கிலோமீட்டர் ஓட்டினால், சார்ஜிங்கில் வீணாவதையும் சேர்த்து இரண்டு மாத பில்லில் சுமார் 330 யூனிட் கூடும். இங்கே 500 யூனிட் கோடுதான் முக்கியம். அதைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதோடு நிற்காது. கீழே இருக்கும் யூனிட்டுகளில் ஒரு பகுதிக்குக் கிடைத்த மலிவு விலையும் போய்விடும். 1000 யூனிட்டைத் தாண்டினால், அதற்கு மேல் வரும் ஒவ்வொரு யூனிட்டும் 11 ரூபாய்க்கு மேல். அப்படியிருந்தும் பெட்ரோலோடு ஒப்பிட்டால் லாபம்தான். மொட்டைமாடி காலியாக இருந்தால் 3 கிலோவாட் சோலாரை யோசியுங்கள். நம் ஊர் வெயிலில் சராசரியாக நாளுக்கு 12 யூனிட் தரும். பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியமும் உண்டு.

படி 7: டெலிவரிக்கு முன் காரைப் பாருங்கள்

பணம் முழுவதும் கட்டுவதற்கு முன், ரிஜிஸ்ட்ரேஷனுக்கும் முன், பகல் வெளிச்சத்தில் போங்கள். தயாரித்த மாதம், வருடத்தைத் தகட்டில் பாருங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2325 என்றால் 2025ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். யார்டில் நீண்ட நாள் நின்ற காரில் 12 வோல்ட் சின்ன பேட்டரி பலவீனமாகியிருக்கும், அதையும் சோதிக்கச் சொல்லுங்கள். சார்ஜிங் கேபிளை அங்கேயே செருகி, டிஸ்பிளேயில் கிலோவாட் எண் வருவதைப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதமா, இரண்டு சாவியும் இருக்கிறதா, பச்சைத் தட்டில் வெள்ளை எழுத்து நம்பர் பிளேட் வந்திருக்கிறதா என்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை.

படி 8: முதல் இரவு சார்ஜிங்

நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் தொடங்குங்கள். போர்ட்டபிள் கேபிளில் ஆம்ப் குறைக்கும் வசதி இருந்தால் முதலில் 10 ஆம்பில் வையுங்கள். அரை மணி கழித்துப் பிளக்கின் மேல் கை வையுங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடோ, பிளாஸ்டிக் வாடையோ வந்தால் எம்சிபியை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் சாக்கெட்டுக்குப் பின்னால் ஒரு ஸ்க்ரூ லூசாக இருக்கும். சூடு ஏறாமல் இருந்தால் முழு ஆம்புக்குப் போய், ஒரு மணி நேரம் கழித்து எம்சிபி முகப்பையும் தொட்டுப் பாருங்கள்.

எவ்வளவு சதவீதம் வரை ஏற்றுவது என்பது பேட்டரி வகையைப் பொறுத்தது. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரியை அவ்வப்போது 100 வரை மெதுவாக ஏற்றினால்தான் மீட்டர் காட்டும் சதவீதம் சரியாக இருக்கும். உங்கள் காரின் கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள்.

முதல் மாதம் முடிந்ததும் எலக்ட்ரீஷியனை ஒரு முறை வரவழைத்து, சாக்கெட், எம்சிபி, ஆர்சிசிபி எல்லாவற்றிலும் ஸ்க்ரூக்களை மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். தினமும் சூடாகி ஆறுவதில் அவை தளரும். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை நீங்களே அழுத்திப் பாருங்கள். உடனே டிரிப் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் அதை மாற்றும்வரை காரைச் செருகாதீர்கள்.