கிழக்கு வானத்தை நம்பி மலை ஏறுகிறவர்களுக்கு

புதுச்சேரி, கடலூர்ப் பக்கமிருந்து மலையேறக் கிளம்பும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வரும். ஞாயிற்றுக்கிழமையும் ராக் பீச்சிலேயே சுற்றிக் கிடக்காமல் விடியுமுன் எழுந்து கிளம்புகிறார்களே என்று சந்தோஷம். பழகிய காலத்தில் நாங்கள் அடித்த அதே கூத்தை ஒன்று விடாமல் அடிக்கிறார்களே என்று எரிச்சல்.

நம் பக்கம் மலையே கிடையாது. கேப்பர் மலை பெயரில்தான் மலை, ஏறி முடித்ததே தெரியாது. திருவந்திபுரத்தில் ஔஷதகிரிப் படிகள், மயிலத்தில் முருகன் குன்று, கொஞ்சம் துணிந்தவர்களுக்குச் செஞ்சியின் ராஜகிரி. அதையும் பார்த்து முடித்தவர்கள் அடுத்து வண்டியைத் திருப்புவது பெரும்பாலும் கல்வராயன் மலைக்கு. உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, கச்சிராயபாளையம் என்று போனால் அடிவாரத்தில் கோமுகி அணை. தண்ணீரை ஒட்டி எழும்பி நிற்கும் மலை. ஏறத்தாழ மூன்று மணி நேர ஓட்டம், ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். அப்படிப்பட்ட ஒருநாள் நடையில் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன். தண்ணீர் பாட்டில், தொப்பி, பவர் பேங்க் பற்றியெல்லாம் உங்கள் அம்மாவே சொல்லி அனுப்பியிருப்பார். அதை விட்டுவிடலாம்.

அனுமதி வாங்காமல் காட்டுக்குள் போவது

"தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்காரு" என்பது அனுமதி ஆகாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. மாசி தொடங்கி கோடை மழை இறங்கும்வரை காடு காய்ந்து கிடக்கும். அந்த நாட்களில் வனத்துறை பாதையை மூடினால் முணுமுணுக்காமல் வேறு ஊருக்குப் போங்கள். திறந்திருந்தாலும் வன அலுவலகத்தில் கேட்டு, மலைக்கிராமத்து ஆள் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசுகிறவர்களோடு நான் நடப்பதில்லை.

நம் ஊர் வானத்தைப் பார்த்துவிட்டு மலைக்குக் கிளம்புவது

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும். மற்ற தவறுகள் பலவற்றில் உடம்பு வலியோடு தப்பிக்கலாம். இதற்கு விலை அதிகம்.

கடற்கரையில் பிறந்தவனுக்கு மழை என்றால் கிழக்கு. புயல் கடலில் இருந்து வரும், ஐப்பசி கார்த்திகை அடைமழை கடலில் இருந்து வரும், மீன்பிடிக்கப் போகிறவர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும் கிழக்கேதான். அதனால் மலையில் நின்றாலும் நம் கண் தானாகக் கிழக்கே போகிறது. ஆனால் கோடையிலும், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் இடிமழையின் பிறப்பிடம் உள்மாவட்டங்கள். காலை வெயிலில் தரை சூடேறி, ஈரக்காற்று மேலே எழும்பி, மதியத்துக்கு மேல் மேகம் கோபுரமாக வளரும். மலைச்சரிவு அந்தக் காற்றை இன்னும் மேலே தள்ளிவிடும் என்பதால் மலைக்கு முதல் மழை. உயரத்தில் அடிக்கும் மேல்காற்று அந்தக் கூட்டத்தை மெல்லக் கிழக்கே நகர்த்த, அது விழுப்புரம் தாண்டி நம் ஊருக்கு வரும்போது இருட்டிவிடும். ராத்திரி ஒன்பது மணிக்கு மிஷன் வீதியில் திடீரென்று கொட்டி, கரண்ட் போய், எல்லோரும் மாடித் துணியை எடுக்க ஓடுகிறோமே, அந்த மழைக்கூட்டம் பெரும்பாலும் மதியமே உள்நாட்டில் எங்கோ வேலையை ஆரம்பித்தது.

போனில் "புதுச்சேரி, இரவு மழை" என்று வந்தால் பிள்ளைகள் என்ன கணக்குப் போடுகிறார்கள்? "சாயங்காலத்துக்குள்ள இறங்கிடுவோம்ல!" இறங்கிவிடலாம்தான், மழை நம் ஊரில் என்றால். அன்றைக்கு மலைக்கு மதியமே வந்துவிடும்.

இதைவிட மோசமான கண்கட்டு ஒன்று இருக்கிறது. அணைப் பக்கமிருந்து ஏறும்போது நீங்கள் ஏறுவது மலையின் கிழக்குச் சரிவு. திரும்பிப் பார்த்தால் கீழே தண்ணீர் தகதகவென்று மின்னும், அதற்கப்பால் சமவெளி முழுக்க வெயில், மேலே நீல வானம். மழை வரும் மேற்கு வானத்தை மலையே மறைத்துக்கொண்டு நிற்கிறது! மேல் விளிம்புக்குப் போய் எட்டிப் பார்க்கிறவரை அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியவே தெரியாது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு மே மாதம். நண்பர்களோடு நான் இறங்கிக்கொண்டிருந்தேன். மணி பதினொன்றரை இருக்கும். எதிரே ஐந்து பையன்கள், நம் பக்கத்துப் பேச்சு, ஒருவன் கையில் புளூடூத் ஸ்பீக்கர். உளுந்தூர்பேட்டையில் டிபன், கள்ளக்குறிச்சியில் டீ, அணையில் போட்டோ என்று எல்லாம் முடித்து அப்போதுதான் பாதி ஏறியிருந்தார்கள். மேலே நாங்கள் பார்த்துவிட்டு வந்திருந்தோம், மேற்கே மேகம் காலிஃபிளவர் மாதிரி முடிச்சு முடிச்சாக எழும்பிக்கொண்டிருந்தது.

"தம்பி, அந்தப் பக்கம் கட்டிக்கிட்டு வருது. இப்படியே திரும்பிடுங்க" என்றேன்.

"அண்ணே, வானம் எவ்ளோ கிளீனா இருக்கு பாருங்க" என்று ஒருவன் கையை நீட்டினான். அணைப் பக்கம்! கிழக்கே!

"இவ்ளோ தூரம் வந்துட்டோம்ணே, இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்றான் இன்னொருவன். போய்விட்டார்கள்.

அப்புறம் நடந்ததை அடிவாரத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு மணிக்கு முன்பே மழை பிடித்தது. காலையில் கால் நனையாமல் தாண்டிய ஓடை இடுப்பளவு ஓடியது. அவசரத்தில் வேறு வழியாக இறங்கப் பார்த்த ஒருவன் பாறையில் வழுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டான். சிக்னல் இல்லை. மலைக்கிராமத்து ஆட்கள் இருட்டிய பிறகு வந்து, கம்பில் போர்வையைக் கட்டி டோலியாக்கித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கணுக்காலில் பிளேட் வைத்து, சம்பளம் இல்லாத விடுப்பில் மாதக்கணக்கில் கட்டிலில் கிடந்தானாம். இதில் எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் எது தெரியுமா? "திடீர்னு மழை வந்துடுச்சு" என்றார்களாம். திடீரா? இரண்டு மணி நேரத்துக்கு மேலாக அந்த மேகம் வளர்ந்துகொண்டிருந்தது, ஆளும் சொல்லியாயிற்று. பார்க்க வேண்டிய பக்கம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்வது? போகிற இடத்தின் பெயரைப் போட்டு வானிலையைப் பாருங்கள். கள்ளக்குறிச்சிக்குப் பார்ப்பதோடு நிற்காமல் அதற்கு மேற்கே சேலம், ஏற்காட்டுக்கும் பாருங்கள். வானிலை ஆய்வு மையத்தின் ரேடார் படம் மௌசம் செயலியில் கிடைக்கும், மின்னலுக்குத் தாமினி செயலி இருக்கிறது. மேலே போனால் சிக்னல் போய்விடும் என்பதால் இதெல்லாம் அடிவாரத்தில் பார்க்க வேண்டிய வேலை.

ஏறும்போதே காற்றைக் கவனியுங்கள். மதியம் ஒரு மணிக்குச் சில்லென்று காற்று வந்தால் கடற்கரைக்காரன் சட்டைப் பட்டனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவான், நமக்கு அது கடல்காற்று. மலையில், புழுக்கம் கட்டி இலை அசையாமல் இருந்துவிட்டு, மேட்டுப் பக்கமிருந்து திடீரென்று குளிர்காற்று இறங்கினால் அது மழைமேகம் தள்ளிவிட்ட காற்று. அந்தப் பக்கம் ஏற்கெனவே பெய்கிறது, உங்களுக்கு இருப்பது நிமிஷக் கணக்கு. செல்ஃபிக்கு உட்கார்ந்தால் நனைந்துகொண்டுதான் எழுவீர்கள். அணைத் தண்ணீரும் உதவும். கண்ணாடியாகக் கிடந்த நீர்ப்பரப்பில் மலையடிவாரத்துக் கரையிலிருந்து எதிர்க்கரையை நோக்கிக் கருப்பாகச் சிலிர்ப்பு ஓடினால், காற்று திரும்பிவிட்டது என்று அர்த்தம். மேலிருந்து பார்ப்பவருக்கு இது தெளிவாகத் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவு செய்யுங்கள். கோடையில் நான் வைப்பது பதினொரு மணி. உச்சி ஐம்பதடியில் இருந்தாலும் பதினொன்று என்றால் திரும்புவது, ஒரு மணிக்குள் கீழே. இதைக் கூட்டத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லி, போனில் அலாரம் வையுங்கள். மேலே போய் முடிவெடுக்கலாம் என்று விட்டால், அங்கே "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்கிற குரல்தான் ஜெயிக்கும். ஆறு மணிக்கு நடக்க ஆரம்பித்தால்தான் இந்தக் கணக்குச் சரிவரும். வீட்டில் மூன்று மணிக்கு முன்னால் கிளம்ப முடியாதவர்கள் முதல் நாளே கள்ளக்குறிச்சியில் அறை எடுத்துத் தங்குவது மேல்.

ஐப்பசி முதல் மார்கழி வரை கதை தலைகீழ். அப்போது கிழக்கே பார்க்கும் நம் பழக்கம் சரி. வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், மழை விட்ட மறுநாளும் போகாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது, நகரத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மறுநாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு சரிந்து வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். சாத்தனூர் அணையில் இருந்து தென்பெண்ணையில் திறந்த தண்ணீர் கடலூருக்குள் புகுந்தது அதற்கும் பிறகுதான். நம் தெருவில் வெயில் அடித்துவிட்டது என்பதால் மலை காய்ந்துவிட்டதாக ஆகாது.

இடிக்கு மரத்தடியில் ஒதுங்குவது

மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள், இடி கேட்கும்வரை. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் கேட்டால் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள். முகட்டிலும் மொட்டைப் பாறையிலும் நிற்காதீர்கள், தனிமரத்தை விட்டு விலகுங்கள். பாறை இடுக்கில் முதுகைச் சாய்த்து உட்காருவதும் தவறு, பாறை வழியாகவும் மின்சாரம் பாயும். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்காமல் தள்ளித் தள்ளி இறங்குங்கள். ஒருவருக்கு அடித்தால் தூக்க மற்றவர் வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனபிறகுதான் திறந்தவெளிக்கு வரலாம்.

காலையில் தாண்டிய ஓடை அப்படியே இருக்கும் என்று நினைப்பது

உங்கள் தலையில் ஒரு துளி விழாமலே ஓடை பெருகும், பெய்தது மேலே. தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால் உடனே மேட்டுக்கு ஏறுங்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் தாண்டாதீர்கள். இந்த மலை ஓடைகள் நீண்டவை அல்ல, மழை விட்டதும் தண்ணீர் வடியும். இரண்டு மூன்று மணி நேரம் உட்காரப் பொறுமை வேண்டும், பையில் கடலைமிட்டாயும் ஒரு டார்ச்சும் வேண்டும்.

ஜீன்ஸ்

நனைந்தால் காயாது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு டிகிரி கணக்கில் குளிர் கூடும், ஈரமும் காற்றும் சேர்ந்தால் மே மாதத்திலும் பல் கிட்டும்.

"தினமும் பீச்சில் அஞ்சு கிலோமீட்டர் நடக்கிறேன்"

சமதரை நடை நெஞ்சுக்கு நல்லது, இறக்கத்துக்கு உதவாது. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் உடம்பைத் தொடைதான் பிடித்து நிறுத்த வேண்டும். பழக்கமில்லாத தொடை நடுங்க ஆரம்பித்தபின் ஈரப்பாறையில் கால் வைப்பது விபத்துக்கு அழைப்பு. போவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே மாடிப்படியில் இறங்கிப் பழகுங்கள், லிஃப்டில் ஏறினாலும் பரவாயில்லை. ஒருமுறை செஞ்சி ராஜகிரி ஏறி இறங்கிப் பாருங்கள், சுமார் 800 அடி. மறுநாள் படியில் இறங்க முடிந்தால் கல்வராயனுக்குத் தயார்.

இறங்கி வந்து அணையில் குளிப்பது

கூடாது. கரையில் சேறு, கொஞ்சம் தள்ளிப் போனால் ஆழம், காலில் தெம்பு இருக்காது.

பாட்டில்

புதுச்சேரிப் பதிவெண் வண்டி என்றாலே சோதனைச் சாவடியில் டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். அனுமதியில்லாமல் மதுவை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவது குற்றம் என்பது உங்களுக்கும் தெரியும். எங்கள் கூட்டத்தில் எடுத்தவனை விழுப்புரத்தில் இறக்கி பஸ் ஏற்றிவிடுவோம்.

ஏறினவனையே ஓட்டச் சொல்வது

விடியுமுன் எழுந்து, மலை ஏறி இறங்கி, மதியம் நான்கு மணிக்கு வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகம். பின்சீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள், ஓட்டுகிறவனும் தூங்கிவிடுவான். நடக்காத ஒருவர் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் வாடகை வண்டி வையுங்கள். இரண்டுக்கும் வழியில்லை என்றால் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இருந்து விழுப்புரத்துக்குப் பஸ் இருக்கிறது, அங்கே மாறினால் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் வண்டி கிடைக்கும்.