டெர்மினலில் ஃபோல்டர் பெயர் கண்ணுக்குத் தெரியவில்லையா?

கறுப்புப் பின்னணி வைத்த உபுண்டு லினக்ஸ் டெர்மினலில் (கட்டளை தட்டும் திரை), கோப்புப் பட்டியல் காட்டும் 'எல்எஸ்' கட்டளையைத் தட்டினால் ஃபோல்டர் பெயர்கள் கருநீலத்தில் வந்து இருட்டோடு கலந்துவிடும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டவிடும் டபிள்யூஎஸ்எல் வழியாக உபுண்டு ஓட்டுபவர்கள் பாடு இன்னும் மோசம். சி டிரைவ் ஃபோல்டர்கள் பச்சைப் பட்டைமேல் நீல எழுத்தில் நிற்கும்! ஐந்து நிமிடத்தில் சரி செய்துவிடலாம்.

முதலில் இயல்பாக வரும் நிறப்பட்டியலை ஒரு கோப்பில் இறக்க வேண்டும்:

டிர்கலர்ஸ் -பி > ~/.டிர்கலர்ஸ்

எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்து. டிஐஆர், அதை ஒட்டியே கலர்ஸ்; அமெரிக்க ஸ்பெல்லிங், 'யு' கிடையாது. '-பி' என்பது 'பிரிண்ட்' என்பதன் முதல் எழுத்து. இந்தக் கட்டளையை ஒரே ஒரு முறைதான் ஓட்ட வேண்டும். நான் ஒருநாள், பழைய கட்டளையைத் திரும்பக் கொண்டுவரும் மேல் அம்புக்குறியைத் தட்டி, பார்க்காமல் என்டர் அடித்தேன். அரைமணி நேரம் பார்த்துப் பார்த்து வைத்த நிறமெல்லாம் போய், பழைய நீலம் வந்து உட்கார்ந்துகொண்டது.

அப்புறம் அந்தக் கோப்பை நானோவில் (டெர்மினலிலேயே கோப்பைத் திருத்தும் நிரல்) திறந்து, கன்ட்ரோல்+டபிள்யூ அழுத்தி 01;34 என்று தேடுங்கள். அதுதான் ஃபோல்டருக்கான வரி. 01 என்றால் தடித்த எழுத்து, 34 என்றால் நீலம். 31 சிவப்பு, 32 பச்சை, 33 மஞ்சள், 35 மெஜந்தா, 36 சயான். 30-க்குப் பதில் 40-இல் தொடங்கினால் அதே நிறம் பின்னணிக்குப் போகும். நான் 01;33 போட்டிருக்கிறேன். நடுவில் இருப்பது அரைப்புள்ளி, காற்புள்ளி அல்ல.

34 என்பது வெறும் 'நீலம்' என்ற சொல் மாதிரிதான். எந்த நீலம் என்பதை டெர்மினலின் தீம் முடிவு செய்கிறது. ஒரே எண் நண்பர் கணினியில் பளிச்சென்று தெரிவது அதனால்தான்.

அந்தப் பச்சைப் பட்டை யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய ஃபோல்டர் என்பதற்கான அடையாளம். டபிள்யூஎஸ்எல் விண்டோஸ் ஃபோல்டர்களையெல்லாம் அப்படித்தான் காட்டும். 34;42 என்று தேடி, அதையும் 01;33 ஆக்கிவிடுங்கள்.

பிடிஎஃப் கோப்புகள் தனியாகத் தெரிய வேண்டுமா? கடைசியில் ஒரு வரி சேருங்கள்:

.பிடிஎஃப் 38;5;208

இது 256 நிற வரிசையில் ஆரஞ்சு.

சேமிக்க கன்ட்ரோல்+ஓ, என்டர்; வெளியேற கன்ட்ரோல்+எக்ஸ். புது டெர்மினல் திறந்தால் போதும், உபுண்டு அந்தக் கோப்பைத் தானே படித்துக்கொள்ளும். மேக் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி எடுபடாது. அதிலுள்ள எல்எஸ் வேறு.