கறுப்பு வெள்ளை ஃபிலிமில் தெருப் படம்: முதல் ரோலை எப்படி எடுப்பது?

1. இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், கோடக் ட்ரை-எக்ஸ் ஆகிய இரண்டு ஃபிலிம்களில் எது கிடைத்தாலும் வாங்குங்கள். இரண்டுமே ஐஎஸ்ஓ 400 (ஃபிலிமின் ஒளியுணர்வு அளவு). வெளிச்சக் கணக்கில் சிறிது பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். லென்ஸ் 35 மி.மீ. போதும். நீளமான லென்ஸை மாட்டிக்கொண்டு எதிர்ச்சாரியில் ஒளிந்து எடுப்பது எனக்கு ஒப்பாது.

2. ஃபிலிமைப் பொருத்தி மூடியதும், ரீவைண்ட் குமிழை (ஃபிலிமைத் திரும்பச் சுருட்ட உதவுவது) தளர்வு நீங்கும்வரை மெல்லச் சுற்றுங்கள். பிறகு ஒவ்வொரு முறை ஃபிலிமை நகர்த்தும் லீவரை இழுக்கும்போதும் அந்தக் குமிழ் எதிர்த்திசையில் சுழல வேண்டும். சுழலாவிட்டால் ஃபிலிம் நகரவில்லை. நான் இதைப் பார்க்காமல் ஒரு நாள் முழுக்க அலைந்தேன். எண்காட்டி 36ஐத் தாண்டி 39 என்று காட்டியபோதுதான் உறைத்தது.

3. ஷட்டரை 1/500 வினாடியில் வையுங்கள். அப்பர்ச்சர் என்பது லென்ஸின் திறப்பு; எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும். நல்ல வெயிலுக்கு எஃப்/16, மேகமூட்டத்துக்கு எஃப்/8, கட்டட நிழலுக்கு எஃப்/4. சந்தேகமென்றால் ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு வெளிச்சம்) கூட்டியே கொடுங்கள். நெகட்டிவில் விழாத நிழலைப் பின்னால் எப்படியும் மீட்க முடியாது.

4. இனி முக்கியமான வேலை. ஆளைப் பார்த்தபின் ஃபோகஸைத் திருகினால், திருகி முடிப்பதற்குள் அவர் போய்விடுவார். அதனால் வெயிலில் எஃப்/11 வைத்து, தூரத்தை 3 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஏறத்தாழ 1.7 மீட்டரிலிருந்து 15 மீட்டர்வரை தெளிவாக விழும். எஃப்/16க்குப் பதில் எஃப்/11 என்பதால் கூடும் ஒரு ஸ்டாப்பை இந்த ஃபிலிம்கள் தாங்கும். மூன்று மீட்டரைக் கண்ணுக்குப் பழக்க ஒரு வழி உண்டு: கேமராவைக் கிடையாகப் பிடித்தால், அந்தத் தூரத்தில் நிற்பவர் தலைமுதல் கால்வரை சட்டத்துக்குள் கொஞ்ச இடம் விட்டு அடங்குவார். வீட்டில் யாரையாவது நிறுத்திப் பாருங்கள். நிழலுக்குள் போனால் அப்பர்ச்சரைத் திறக்க வேண்டியிருக்கும். தெளிவான வரம்பு சுருங்கிவிடும். அங்கே தூரத்தைக் கவனமாகக் கணியுங்கள்.

5. ஆளைத் துரத்தாதீர்கள், இடத்தைப் பிடியுங்கள். இரண்டு கட்டடங்களுக்கு இடையே கீற்றாக வெயில் விழும் நடைபாதை நல்ல இடம். முகத்தில் விழும் வெளிச்சத்துக்குக் கணக்கிட்டால் பின்னணி தானாகக் கறுத்துவிடும். சிவப்புச் சட்டையும் பச்சைச் சுவரும் ஃபிலிமில் ஒரே சாம்பலாகிவிடலாம்; நிறத்தை நம்பாமல் வெளிச்ச வேறுபாட்டைத் தேடுங்கள்.

6. யாராவது கையசைத்து மறுத்தால் கேமராவை இறக்கிவிடுங்கள். வாதம் வேண்டாம்.

7. கழுவிக் காய்ந்த நெகட்டிவை ஜன்னலுக்கு நேரே பிடியுங்கள். நிழல் பகுதிகள் வெறும் கண்ணாடிபோல இருந்தால், அடுத்த ரோலில் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள்.