ஸ்ட்ராங்கான வலி மாத்திரை ஆரம்பிக்கறப்பவே நிறுத்தறதுக்கும் பிளான் போட்டுக்கோங்க

முதுகு வலி, முட்டி தேய்மானம், நரம்பு வலின்னு வருஷக்கணக்கா அலையறவங்களுக்கு ஒரு கட்டத்துல டிராமடாலோ டேபென்டடாலோ எழுதிக் குடுத்துடுவாங்க, ஆனா சீட்டுல பெரும்பாலும் பிராண்ட் பேர் மட்டும்தான் இருக்கும். அதனால முதல் வேலை, ஸ்ட்ரிப்ப திருப்பி பின்னாடி சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிக்கறது. அல்ட்ராசெட் மாதிரி மாத்திரைல டிராமடால் 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. ரெண்டும் சேர்ந்திருக்கும். நிறைய பேர் இத கொஞ்சம் பவரான காய்ச்சல் மாத்திரைன்னு நெனச்சு போட்டுட்டிருக்காங்க. இல்லங்க, டிராமடால் ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மருந்து, மார்ஃபின் மூளைல எங்க போய் ஒட்டுதோ அதே எடத்துலதான் இதுவும் வேலை செய்யுது, 2018 ஏப்ரல்ல இருந்து போதைப்பொருள் தடுப்பு சட்டமான என்டிபிஎஸ் சட்டத்துக்குள்ளயே கொண்டு வந்துட்டாங்க.

ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன், கேன்சர் வலிக்கு கணக்கே வேற. அங்க பழக்கமாயிடும்னு பயந்து மார்ஃபின் குடுக்காம துடிக்க விடறதுதான் தப்பு. இங்க பேசறது மத்த நாள்பட்ட வலிய பத்தி.

டாக்டர்கிட்ட ஆரம்பத்துலயே கேட்டுடுங்க: எத்தனை வாரத்துக்கு, எது சரியானா இது வேலை செய்யுதுன்னு அர்த்தம், எப்படி நிறுத்தறது. "வலி சுத்தமா போகணும்"னு டார்கெட் வச்சா டோஸ் ஏறிக்கிட்டேதான் போகும், "மாடிப்படி ஏறணும், ராத்திரி அஞ்சு மணி நேரமாவது தூங்கணும்"னு வைங்க. அமெரிக்காவுல 240 பேர, எல்லாம் முன்னாள் ராணுவத்துக்காரங்க, முதுகு வலி, இடுப்பு மூட்டு, முட்டி வலி உள்ளவங்க, ஒரு வருஷம் வச்சு பாத்து 2018ல ரிசல்ட் வந்துச்சு. ஓபியாய்டு போட்டவங்க சாதாரண வலி மாத்திரை போட்டவங்கள விட நல்லா நடமாடல, வலி அவங்களுக்குதான் ஒரு படி கூட இருந்துச்சு.

ஏற்கனவே என்னென்ன மாத்திரை ஓடுதுன்னு மறைக்காம சொல்லுங்க. தூக்கத்துக்கு அல்பிரசோலம், நரம்புக்கு பிரிகாபலின், சாயங்காலம் ஒரு பெக், இதெல்லாம் ஓபியாய்டோட சேர்ந்தா தூக்கத்துலயே மூச்சு மந்தமாயிடும். எஸ்சிட்டலோப்ராம் மாதிரி மனச்சோர்வு மாத்திரையோட டிராமடால் போட்டா வலிப்பு வர்ற சான்ஸ் கூடும். முன்னாடியே வலிப்பு இருந்தவங்க கண்டிப்பா சொல்லணும்.

இப்ப பழக்கம் எப்படி புடிக்குதுன்னு பாருங்க. தினமும் போட்டா உடம்பு அதுக்கு ஏத்த மாதிரி மாறிக்கும், இது யாருக்கும் நடக்கும், நல்லவங்க கெட்டவங்கன்னு கிடையாது. ஒரு வேளை டோஸ் தள்ளிப் போனா கொட்டாவி கொட்டாவியா வரும், மூக்கு ஒழுகும், வேர்க்கும், கால் குடைஞ்சு எடுக்கும், வயித்தால போகும், நிறைய பேர் சளி புடிச்சிருக்குன்னு நெனச்சுக்குவாங்க. கூடவே பழைய வலியும் டபுளா கிளம்பும். உடனே "பாத்தியா, மாத்திரை இல்லாம என்னால முடியல"ன்னு தோணும். அந்த வலில பாதி மாத்திரை எறங்கறதால வர்ற வலியா இருக்கலாம், இந்த எடத்துலதான் எல்லாரும் மாட்டறாங்க.

அதுக்கு ஒரு நோட்டு போடுங்க. என்ன நேரம், எத்தனை மாத்திரை, எதுக்குன்னு எழுதுங்க. அந்த "எதுக்கு"ங்கறதுல முட்டி வலின்னு இருந்தது போய் "தூக்கம் வரல", "மனசு சரியில்ல"ன்னு வர ஆரம்பிச்சாலோ, மாசக் கடைசிக்கு முன்னாடியே ஸ்ட்ரிப் காலியானாலோ, ரெண்டாவது டாக்டர்கிட்ட போய் இன்னொரு சீட்டு வாங்கத் தோணினாலோ, அப்பவே உங்க டாக்டர்கிட்ட பேசிடுங்க. மலச்சிக்கல் மட்டும் நாள் போனாலும் பழகாது, அதுக்கு தனி மருந்து கேட்டு வாங்கணும்.

ஃபென்டனைல் பேட்ச், அதாவது தோல்ல ஒட்டற ஓபியாய்டு வலி மருந்து, ஒட்டியிருந்தா அதுக்கு மேல சுடுதண்ணி பை வைக்கவே கூடாது, சூடு பட்டா மருந்து வேகமா உள்ள எறங்கும். கழட்டின பேட்ச்லயும் மருந்து மிச்சம் இருக்கும், ஒட்டற பக்கம் உள்ள போற மாதிரி மடிச்சு, பேரன் பேத்தி கைக்கு எட்டாம அப்புறப்படுத்துங்க.

நிறுத்தறது. திடீர்னு நிறுத்தாதீங்க, வீட்ல இருக்கறவங்களும் நல்லதுக்குன்னு நெனச்சு ஸ்ட்ரிப்ப ஒளிச்சு வைக்காதீங்க. ஒரு வருஷத்துக்கு மேல போட்டவங்களுக்கு மாசம் 10 சதவீதம், இல்ல அதவிட மெதுவா குறைக்கலாம்னு அமெரிக்க அரசோட நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசி 2022ல சொல்லியிருக்கு, உங்க அளவ டாக்டர்தான் போடணும். எஸ்ஆர்னு போட்டிருக்கற மாத்திரைய நொறுக்கிப் போடாதீங்க, நாள் முழுக்க மெதுவா எறங்க வேண்டியது ஒரே அடியா எறங்கிடும். குறைச்சு கொஞ்ச நாள் ஆனதுக்கப்புறம் வலி தாங்கலன்னு பழைய டோஸுக்கே தாவறதுதான் ரொம்ப ஆபத்து, உடம்பு அந்த அளவ மறந்திருக்கும். எழுப்பினா எழும்பல, மூச்சு மெதுவாயிடுச்சு, உதடு நீலமாயிடுச்சுன்னா உடனே 108.

தனியா சமாளிக்க முடியலன்னா மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநல பிரிவுல காட்டலாம். போன்ல பேசணும்னா 14446 போதை மீட்பு ஹெல்ப்லைன், 14416 டெலி மானஸ்ங்கற மனநல ஹெல்ப்லைன். பேசறப்ப மாத்திரை பேரு, எத்தனை மி.கி., ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை மாசமா போடறீங்கன்னு உள்ளபடி சொல்லுங்க, கூச்சப்பட்டு குறைச்சு சொன்னா அவங்க போடற கணக்கும் தப்பாயிடும்.