கலப்புக் கற்றல் ஆசிரியருக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலப்புக் கற்றல் முறையில், அதாவது ஒரு பகுதியை வகுப்பறையிலும் மீதியை இணையத்திலும் நடத்தும் முறையில், பாடம் எடுக்கப்போகும் ஆசிரியருக்கு உதவி என்றதும் பல்கலைக்கழகங்கள் முதலில் ஏற்பாடு செய்வது ஒருநாள் பயிலரங்கு. மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருளில் கோப்பை ஏற்றுவது எப்படி, வினாடி வினா அமைப்பது எப்படி என்று மாலை வரை திரையில் காட்டுவார்கள். அதெல்லாம் தேவைதான். ஆனால் ஆசிரியரைத் திணறவைப்பது வேறு கேள்வி: எதை வகுப்பறையில் வைத்துக்கொள்வது, எதை இணையத்துக்கு அனுப்புவது? இதைப் பற்றி அவரோடு யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை.

பேசாமல் விட்டால் ஒரு பாடம் ஒன்றரைப் பாடமாகிவிடும். புள்ளியியல் ஆசிரியர் ஒருவரின் பாடத்திட்டத்தை அவரோடு சேர்ந்து பார்த்தேன். வாரம் 3 மணி நேர வகுப்பு பழையபடியே இருந்தது. அதன் மேல் 50 நிமிட வீடியோ, ஒரு வினாடி வினா, இணையக் கலந்துரையாடலில் ஆளுக்கொரு பதிவு. வகுப்பில் 60 பேர். ஒரு பதிவைப் படித்துப் பதில் எழுத 3 நிமிடம் என்றாலும் வாரத்துக்கு 3 மணி நேரம். இன்னொரு வகுப்பு எடுப்பதற்குச் சமம்! எதையும் எடுக்காமல் சேர்த்துக்கொண்டே போனதுதான் காரணம். திட்ட விலக்கத்தின் வரையறையும் சூத்திரமும் வீடியோவுக்குப் போகட்டும், வகுப்பில் அவற்றைத் திரும்பச் சொல்ல வேண்டாம், அந்த நேரத்தில் மாணவர்கள் உண்மையான தரவைக் கையில் எடுத்துக் கணக்கிடட்டும் என்று முடிவு செய்தோம். கலந்துரையாடலை ஐந்து பேர் கொண்ட குழுக்களாக்கி, குழுவுக்கு ஒரு பதிவு என்று மாற்றியதும் 60 பதிவுகள் 12 ஆயின.

அடுத்த தவறு, ஆசிரியரை ஒளிப்பதிவு அறைக்கு அனுப்பி முழு விரிவுரையையும் பதிவு செய்யச் சொல்வது. எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் சுமார் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வு, 6 நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களையே மாணவர்கள் ஈடுபாட்டோடு பார்த்ததாகச் சொல்கிறது. பெரிய செலவில் ஸ்டுடியோவில் எடுத்ததைவிட, ஆசிரியர் தன் மேசையில் உட்கார்ந்து இயல்பாகப் பேசியது அதிகம் எடுபடக்கூடும் என்றும் அதில் இருக்கிறது. அது யாரும் சேரக்கூடிய திறந்த இணையப் படிப்புகளைப் பற்றிய ஆய்வுதான், கலப்பு வகுப்பைப் பற்றியதல்ல. ஆனாலும், நல்ல ஒலிவாங்கி ஒன்றும் அமைதியான அறையும் கொடுத்தால் போதும் என்று தயங்காமல் சொல்வேன். வசனவரி சேர்க்கும் வேலையை மட்டும் அவர் தலையில் கட்டாதீர்கள்.

அப்புறம், நிர்வாகம் தரும் வாக்குறுதி. நேரடி வகுப்பு மட்டும் உள்ள முறையைவிடக் கலப்பு முறையில் கற்றவர்கள் மேலாகச் செய்தார்கள் என்ற அமெரிக்கக் கல்வித் துறையின் 2010 அறிக்கையைக் காட்டுவார்கள். கலப்பு முறையில் படித்தவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் நேரமும் பாடப்பொருளும் கிடைத்தன என்று அதே அறிக்கை எச்சரிப்பதை விட்டுவிடுவார்கள். மென்பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டு, அடுத்த பருவமே மதிப்பெண் ஏறவில்லையே என்று ஆசிரியரைக் கேட்பது நியாயமில்லை.

பயிற்சியோடு உதவி நின்றுபோவதும் வழக்கமாகிவிட்டது. சிக்கல் தலைகாட்டுவதோ பருவம் தொடங்கிச் சில வாரங்கள் கழித்துத்தான். பாதிப் பேர் வீடியோ பார்க்காமல் வகுப்புக்கு வருவார்கள். பொறுக்க முடியாமல் ஆசிரியர் அதையே மறுபடி நடத்துவார். பார்த்துவிட்டு வந்தவர்களும் அடுத்த வாரம் பார்க்க மாட்டார்கள். சரியாக அந்த வாரத்தில் ஒருவர் அரை மணி நேரம் அவரோடு பேசி, வகுப்பின் முதல் 5 நிமிடத்தில் வீடியோவிலிருந்து ஒரு கணக்கைப் போட வைக்கலாம் என்று சொன்னால் பாடம் தப்பிக்கும். அந்த ஒருவர் யார், எந்த வாரம் வருவார் என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.