ஐஇஎம் டிப்ஸ் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது ஐஇஎம்மில் (காதுக் குழாய்க்குள் செருகும் இயர்போன்) பாட்டுப் போட்டதும் பேஸ் (தாழ்ந்த ஒலி) இல்லை, குரல் தகரம் மாதிரி கேட்கிறது என்றால் பலரும் திட்டுவது அந்த மாடலைத்தான். அப்புறம் அதை விற்றுவிட்டு, இன்னும் ஆயிரம் ரூபாய் கூடப் போட்டு வேறொன்றை வாங்குவார்கள். அதிலும் அதே கதை நடக்கும். சந்தேகப்பட வேண்டிய பொருள் அதைவிட எவ்வளவோ மலிவானது: முனையில் மாட்டியிருக்கும் அந்த ரப்பர், அதாவது டிப்.

டிப் காதுக் குழாயைச் சுற்றிலும் இடைவெளியில்லாமல் அடைத்தால்தான் தாழ்ந்த ஒலி உள்ளே நிற்கும். மயிரிழை அளவு கசிவு இருந்தாலும் முதலில் வெளியேறுவது பேஸ்தான். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே 10 டெசிபலுக்கு மேல்கூடக் குறையலாம். பேஸ் போனதும் மிச்சமிருக்கும் ட்ரெபிள், அதாவது உயர்ந்த ஒலி, தனியாகத் துருத்திக்கொண்டு காதைக் குத்தும். இதை பேஸ், ட்ரெபிளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரில் (ஈக்யூ) சரிசெய்யப் பார்ப்பது வீண் வேலை. தலையைத் திருப்பினால் கசிவின் அளவு மாறும், கூடவே நீங்கள் போட்ட ஈக்யூ கணக்கும் மாறும்.

வால்யூமை ஏற்றிச் சமாளிப்பது இன்னும் மோசம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் அது 4 மணி நேரமாகச் சுருங்கிவிடும். பஸ் இன்ஜின் சத்தம் டிப்பைத் தாண்டி உள்ளே வருகிறதே என்று வால்யூமைத் தள்ளிக்கொண்டே போனால், அந்த 4 மணி நேரம் இரண்டு நாள் ஆபீஸ் பயணத்திலேயே தீர்ந்துவிடும்.

பெட்டியைத் திறக்கும்போது பெரும்பாலும் மாட்டியிருப்பது எம் சைஸ். அதையே கடைசிவரை வைத்துக்கொள்வதுதான் நான் பார்த்தவரை ஆகப் பரவலான தவறு. எஸ், எம், எல் என்ற எழுத்துகளுக்குப் பொதுவான அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் எம் இன்னொன்றின் எஸ்ஸாக இருக்கலாம். அதனால் வாங்கும்போது மில்லிமீட்டரில் விட்டம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபைனல் நிறுவனத்தின் டைப் ஈ டிப்ஸ் எஸ்எஸ் முதல் எல்எல் வரை ஐந்து அளவில் வருகிறது. இப்படிப் பல அளவும் கலந்த பாக்கெட் ஒன்றை முதலில் வாங்கிப் பார்ப்பதே புத்திசாலித்தனம். இடது காதும் வலது காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பக்கம் எம், மறுபக்கம் எல் போட்டுக்கொள்வதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

சின்னதாகப் போட்டால் வலிக்காது, பெரிதாகப் போட்டால் நன்றாக அடைக்கும் என்ற கணக்கும் பாதிதான் உண்மை. டிப் சின்னதாக இருந்தால் அது பிடிமானம் தேடி உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கடைசியில் நாஸிலின், அதாவது டிப் மாட்டும் குழலின், கெட்டியான விளிம்பே தோலில் உரசும். அளவுக்கு மீறிப் பெரிய டிப்போ காது வாசலிலேயே நின்று, ஓரத்தில் மடிப்பு விழுந்து, அந்த மடிப்பு வழியாகவே கசியும். காது இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் பேஸ் வராது.

சரி, அடைத்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டே வேண்டாம். இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகுங்கள். நன்றாக அடைத்த காதில் உங்கள் குரல் மண்டைக்குள் கும்மென்று கேட்கும். எந்தப் பக்கம் அது மெலிகிறதோ அந்தப் பக்கம் கசிகிறது. அப்புறம் 40 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை மெதுவான வால்யூமில் ஓடவிட்டு, ஐஇஎம்மை விரலால் லேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது மட்டும் சத்தம் கூடினால் டிப் சரியில்லை. கச்சேரி கேட்பவர்களுக்கு மிருதங்கத்தின் தொப்பிப் பக்கமே போதும். அதன் கும்கி நாதம் வெறும் தட்டாகக் கேட்டால் எங்கோ காற்று போகிறது.

இந்தச் சோதனையை அசையாமல் உட்கார்ந்து மட்டும் செய்யாதீர்கள். தாடை அசையும்போது காதுக் குழாயின் வடிவமும் மாறும். பேசிப் பாருங்கள், எதையாவது மென்று பாருங்கள். மேடைப் பாடகர்களுக்கு அவரவர் காதின் அளவுக்கே கஸ்டம் ஐஇஎம் செய்ய அச்சு எடுக்கும்போது வாயைத் திறந்து வைக்கச் சொல்வது இதனால்தான்.

டிப் சரியாக இருந்தும் மாட்டும் விதத்தில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. காதுக் குழாய் நேரான ஓட்டை இல்லை, வளைந்து போகிறது. எதிர்க் கையால் தலைக்குப் பின்பக்கமாகக் காது மடலைப் பிடித்து, மேலேயும் பின்னேயும் இழுத்தால் வளைவு நிமிரும். அப்போது லேசாகத் திருகி உள்ளே விட வேண்டும். கழற்றும்போதும் திருகிக்கொண்டே மெதுவாக எடுங்கள். வெடுக்கென்று இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி செவிப்பறை இழுபடும். எவ்வளவு ஆழம் போகிறது என்பதும் ஒலியை மாற்றும். பல விமர்சகர்கள் ஐஇஎம்மின் ஒலியை அளந்து போடும் வரைபடத்தில் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு தெரியும். ஆழமாக மாட்டினால் அந்த மேடு இன்னும் உயர்ந்த அலைவரிசைக்கு நகரும். 'ச', 'ஸ' ஒலிகள் ஒருவருக்கு உறுத்துவதும் இன்னொருவருக்கு உறுத்தாததும் ஓரளவு இதனால்தான்.

பஞ்சு போல அமுங்கும் ஃபோம் டிப்பை சிலிகான் மாதிரியே அப்படியே திணிப்பது அடுத்த தவறு. அதை விரலில் உருட்டி மெல்லிசாக்கி, உடனே காதில் விட்டு, விரிந்து முடியும்வரை ஓர் அரை நிமிடம் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கையை முன்னாலேயே எடுத்தால் அது விரியும்போது தன்னைத்தானே வெளியே தள்ளிக்கொள்ளும். ஃபோம் வெளிச்சத்தத்தை நன்றாகத் தடுக்கும், ட்ரெபிளையும் கொஞ்சம் மழுக்கும். சத்தம் கூர்மையாகக் குத்தும் ஐஇஎம்முக்கு இது நல்லதுதான், ஏற்கெனவே மந்தமாக ஒலிப்பதற்கு வேண்டாம். வியர்வையும் எண்ணெயும் ஊறிச் சில மாதங்களில் துவண்டுவிடும். அதைக் கழுவிக் கழுவி வருஷக்கணக்கில் ஓட்டும் சிக்கனம் காதுக்கு நல்லதில்லை.

நாஸில் அளவைப் பார்க்காமல் வாங்கினால் காசு வீண். ஷூர், எட்டிமோட்டிக் போன்றவற்றின் நாஸில் மெலிசு, சுமார் 3 மில்லிமீட்டர். இப்போது பிரபலமாக இருக்கும் பல சீன மாடல்களில் 5, 6 மில்லிமீட்டர் இருக்கும். மெல்லிய நாஸிலில் அகன்ற டிப்பை மாட்டினால், கழற்றும்போது டிப் மட்டும் காதுக்குள்ளேயே தங்கிவிடலாம். வயர் இல்லாத இயர்பட்ஸுக்கு வாங்கும்போது கேஸ் மூடுகிறதா, சார்ஜ் ஏறுகிறதா என்றும் பாருங்கள். உயரமான டிப் அங்கே இடிக்கும். ஏர்பாட்ஸ் ப்ரோவுக்கு மாட்டும் முறையே தனி, சாதாரண டிப் அதில் உட்காராது. அதன் செட்டிங்ஸில் பொருத்தத்தைச் சோதிக்கும் வசதியே இருக்கிறது.

எல்லா வலிக்கும் டிப்பைக் குற்றம் சொல்லவும் கூடாது. வலி குழாய்க்குள் என்றால் டிப். மடலின் குழியில் என்றால் அழுத்துவது ஐஇஎம்மின் உடல்தான். அதற்குக் கொஞ்சம் உயரமான டிப் போட்டால் உடல் வெளியே தள்ளி நிற்கும், சில சமயம் அதுவே போதும். முனை தானாக வளைந்து கொடுக்கும் ஸ்பின்ஃபிட் வகையும் நாஸில் கோணம் ஒத்துவராதவர்களுக்கு உதவும். எப்படியானாலும் அரை மணி நேரம் போட்டுப் பார்க்காமல் வசதியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். முதல் ஐந்து நிமிடத்தில் எல்லா டிப்பும் நன்றாகத்தான் இருக்கும்.

பேஸ் இல்லாததற்கும் டிப் அல்லாத காரணம் ஒன்று உண்டு. கழற்றி மாட்டும், இரண்டு ஊசி முனை கொண்ட டூ-பின் கேபிளை ஒரு பக்கம் மட்டும் திருப்பிச் செருகிவிட்டால் இரண்டு காதின் ஒலியும் எதிரெதிராகிவிடும். பேஸ் வெளிறும், குரல் நடுவில் நிற்காமல் அலையும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால் நாஸில் வலையில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

சிலிகான் டிப்பைக் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவி, முழுக்கக் காய்ந்தபின் மாட்டினால் போதும். ஈரத்தோடு மாட்டினால் காதில் அரிப்பு வரலாம். டிப் உள்ளே மாட்டிக்கொண்டால் ஹேர்பின், ட்வீசர் எதையும் விட்டு நோண்டாதீர்கள், இன்னும் ஆழமாகத்தான் போகும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனால் அதற்கென்று உள்ள கருவியால் எடுத்துவிடுவார்.